தண்டுவட மின்தூண்டல்: வலியை மின்சாரத்தால் அடக்க முயன்ற வரலாறு

நாள்பட்ட வலியைத் தணிப்பதற்காக, தண்டுவடத்தை ஒட்டியோ புறநரம்பு ஒன்றின் அருகிலோ மெல்லிய மின்கம்பியைப் பொருத்தி, தோலுக்கடியில் வைத்த சிறு கருவியிலிருந்து மின்துடிப்புகளை அனுப்பும் சிகிச்சை நரம்பு மின்தூண்டல் எனப்படுகிறது. இவற்றுள் மிகுதியாகச் செய்யப்படுவது தண்டுவட மின்தூண்டல். இதயத்துக்குப் பேஸ்மேக்கர் எப்படியோ, ஏறத்தாழ அப்படி நரம்புக்கு இது. 1967-ஆம் ஆண்டு அமெரிக்காவில் முதன்முதலாக ஒரு மனிதருக்குச் செய்யப்பட்டது.

வலியைச் சுமந்துசெல்லும் நரம்புப் பாதையை வெட்டிவிடுவதுதான் அதற்கு முன்பு அறுவை மருத்துவர்களிடம் இருந்த வழி. வெட்டியதை மீண்டும் ஒட்ட முடியாது. மின்தூண்டலை வேண்டாம் என்றால் நிறுத்தலாம், கம்பியை உருவி எடுத்தும் விடலாம். இந்த ஒரு வேறுபாடே இச்சிகிச்சைக்குப் பெரும் வரவேற்பைத் தேடித் தந்தது. ஆனால் வலி என்பது நோயாளியின் வாய்ச்சொல்லால் மட்டுமே அறியப்படுவது. அது உண்மையிலேயே மின்சாரத்தால்தான் குறைந்தது என்று நிறுவ ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் வாதம் முடியவில்லை. இந்த வரலாற்றில் சென்னைக்கு இரண்டு இடங்களில் தொடர்பு உண்டு: ஒன்று 18-ஆம் நூற்றாண்டில், மற்றொன்று 20-ஆம் நூற்றாண்டில்.

எந்த வலிக்கு இது?

கையில் சுட்டுக்கொண்டால் எழும் வலி உடலைக் காக்கிறது. அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை உலகுக்குக் காட்டிய இடம் வேலூர். கொல்லிமலையில் 1914-இல் பிறந்த பால் பிராண்ட், 1946 முதல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றியபோது, தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் நேரடியாக அழுகி விழுவதில்லை என்பதைக் கண்டறிந்தார். நரம்பு செயலிழந்து வலி உணராததால் ஏற்படும் காயங்களும் புண்களுமே விரல்களைத் தின்றன. பின்னாளில் அமெரிக்காவில் அவரது குழு, கையுறையில் அழுத்த உணரிகளை வைத்து, ஆபத்து நேரும்போது மின்னதிர்ச்சி தரும் செயற்கை வலிக் கருவி ஒன்றை உருவாக்கவும் முயன்றது. நோயாளிகள் அதை அணைத்துவிட்டு வேலை செய்ததால் முயற்சி கைவிடப்பட்டது. வலியைக் குறைக்க மின்சாரம் பயன்பட்ட அதே காலத்தில் வலியை உண்டாக்கவும் மின்சாரம் நாடப்பட்டது என்பது பலர் அறியாத செய்தி.

மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலி நாள்பட்ட வலி எனப்படுகிறது. காயம் ஆறிய பின்னும் நரம்பே தவறான செய்தியை அனுப்பிக்கொண்டிருப்பது இதில் ஒரு வகை. இது நரம்புவழி வலி. முதுகில் அறுவை சிகிச்சை செய்த பிறகும் தொடரும் கால் வலி, சிறு அடிக்குப் பின் கை அல்லது கால் முழுவதும் எரிந்து வீங்கும் வட்டார வலிநோய், நீரிழிவால் பாதங்களில் தோன்றும் எரிச்சல் ஆகியவை எடுத்துக்காட்டுகள். மின்தூண்டல் முதன்மையாக இவற்றுக்கே.

இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ராஜபாளையம் அருகே தளவாய்புரத்தில் நைட்டி தைக்கும் தையல் இயந்திரங்களின் முன்னும், சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிகளின் முன்னும் நாள் முழுவதும் குனிந்திருப்பவர்களுக்கு வரும் இடுப்புவலி, கழுத்துவலியில் பெரும்பகுதி தசையும் மூட்டும் சார்ந்தது. அதற்கு இருக்கையின் உயரமும் ஓய்வும் உடற்பயிற்சியும்தான் முதல் மருந்து. முதுகுவலி என்ற ஒரே பெயரில் எல்லாவற்றையும் சேர்த்துப் பேசியதே இக்கருவியின் வரலாற்றில் பல ஏமாற்றங்களுக்குக் காரணம்.

மின் திருக்கையிலிருந்து பேட்டரி வரை

மின்சாரம் என்ற சொல்லே இல்லாத காலத்திலும் அதைக் கொண்டு வலியைத் தணித்திருக்கிறார்கள். கி.பி. முதல் நூற்றாண்டில் ரோம் நாட்டு மருத்துவர் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் எழுதிய மருந்துத் தொகுப்பில், கீல்வாத வலி வந்தால் ஈரமான கடற்கரையில் உயிருள்ள மின் திருக்கையின் மீது காலை வைத்து, முழங்கால் வரை மரத்துப்போகும் வரை நிற்கும்படி குறிப்பு இருக்கிறது. தீராத தலைவலிக்கும் அதே மீனைத் தலையில் வைக்கச் சொல்கிறார். பேரரசர் டைபீரியஸின் விடுதலை பெற்ற அடிமை ஒருவர் இப்படிக் குணமடைந்ததாகவும் எழுதியுள்ளார்.

அந்த மீன் தருவது மின்சாரமே என்று மெய்ப்பித்தவர் ஜான் வால்ஷ். இவர் இளமையில் மெட்ராஸில் கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தராகச் சேர்ந்து, படைகளுக்குச் சம்பளம் வழங்கும் அதிகாரியாக உயர்ந்தவர். ராபர்ட் கிளைவின் மனைவி மார்கரெட் மஸ்கலினுக்கு உறவினர். 1757-இல் கிளைவின் தனிச் செயலராகி, பெரும் செல்வத்துடன் இங்கிலாந்து திரும்பி நாடாளுமன்ற உறுப்பினரானார். அரசியலைவிட அறிவியலில்தான் அவருக்கு மனம் ஈடுபட்டது எனலாம். 1772-இல் பிரான்சின் லா ரோஷெல் கடற்கரைக்குச் சென்று மின் திருக்கைகளைச் சோதித்தார். மீனின் அதிர்ச்சி உலோகக் கம்பி வழியே பாய்கிறது, கண்ணாடி போன்ற கடத்தாப் பொருள்களைத் தாண்டுவதில்லை, கைகோத்து நிற்கும் பலருக்கும் ஒரே நேரத்தில் உறைக்கிறது, மீனின் மேற்பக்கமும் கீழ்ப்பக்கமும் எதிரெதிர் மின்தன்மை கொண்டவை என்று காட்டினார். இவற்றைப் பெஞ்சமின் பிராங்கிளினுக்கு எழுதிய கடித வடிவில் வெளியிட்டார். அதற்காக ராயல் சொசைட்டியின் காப்லி பதக்கம் 1773-இல் அவருக்குக் கிடைத்தது.

மீனின் உடலில் அடுக்கடுக்காக இருந்த மின் உறுப்பை ஜான் ஹன்டர் அறுத்து ஆராய்ந்து விவரித்தார். 1800-இல் வோல்டா துத்தநாகம், வெள்ளித் தகடுகளை அடுக்கி முதல் பேட்டரியை உருவாக்கியபோது, அதைச் செயற்கை மின் உறுப்பு என்றே குறிப்பிட்டார். இன்று நோயாளியின் இடுப்புத் தோலுக்கடியில் இருக்கும் பேட்டரிக்கு மூதாதை அந்தத் திருக்கை மீன்தான்.

19-ஆம் நூற்றாண்டில் மின்சாரம் எல்லா நோய்க்கும் மருந்தாக விற்கப்பட்டது. மின் இடுப்புப்பட்டி, மின் குளியல் எனப் பல. இவற்றில் பெரும்பாலானவை வெறும் வணிகம். படித்த மருத்துவர்கள் மின்சாரத்திலிருந்தே விலகிப்போனார்கள்.

வெட்டும் காலம்

1912-இல் அமெரிக்க மருத்துவர்கள் ஸ்பில்லரும் மார்ட்டினும் தண்டுவடத்தின் முன்பக்கவாட்டுப் பகுதியை வெட்டி வலியைப் போக்கிய முறையை வெளியிட்டனர். வலியையும் வெப்பத்தையும் மூளைக்குக் கொண்டுசெல்லும் இழைகள் அவ்வழியே ஏறுகின்றன. வெட்டியதும் உடலின் மறுபக்கத்தில் வலி மறைந்தது. புற்றுநோயாளிகளுக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் நீண்ட நாள் உயிர்வாழ்பவர்களுக்கு ஓரிரு ஆண்டுகளில் வலி திரும்பியது. சிலருக்கு வெட்டுப்பட்ட நரம்பே புதிய, வேறுவகை வலியைத் தந்தது.

இந்தியாவில் நரம்பியல் அறுவை மருத்துவம் வேரூன்றியது இந்தக் காலத்தின் பிற்பகுதியில்தான். ஜேக்கப் சாண்டி 1949-இல் வேலூரில் முதல் துறையைத் தொடங்கினார். சீர்காழியில் பிறந்த பா. ராமமூர்த்தி, இங்கிலாந்தில் பயின்று திரும்பி, 1950-இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பணியைத் தொடங்கினார். 1960-களில் அவரும் வே. பாலசுப்பிரமணியம், சு. கல்யாணராமன் ஆகியோரும், மண்டையில் சட்டகம் ஒன்றைப் பூட்டி, மூளையின் ஆழத்தில் குறித்த புள்ளியை மில்லிமீட்டர் கணக்கில் எட்டும் முறையைக் கையாண்டனர். நடுக்குவாதம், மூளை முடக்கு, தீராத வலி எனப் பலவற்றுக்கும் அப்புள்ளியைச் சுட்டோ வேறு வகையிலோ அழிப்பதே சிகிச்சை. கட்டுக்கடங்காத நடத்தை கொண்டவர்களுக்கும், போதைப் பழக்கத்துக்கும்கூட அக்குழு மூளையின் சில பகுதிகளை அழித்துச் சிகிச்சை செய்து, முடிவுகளைப் பன்னாட்டு இதழ்களில் வெளியிட்டது. அன்றைக்கு வேறு மருந்துகள் குறைவு என்பது உண்மை. ஆயினும் அவற்றுள் சில இன்றைய அறநெறிக் குழுவின் முன் நில்லா. மீளமுடியாத வெட்டின் மீது மருத்துவர்களுக்கே அப்போது தயக்கம் வளர்ந்து வந்தது.

வாயில் கோட்பாடு

தயக்கத்துக்கு மாற்று ஒரு கோட்பாட்டிலிருந்து வந்தது. கனடா உளவியலாளர் ரொனால்ட் மெல்சாக், பிரித்தானிய நரம்பியல் ஆய்வாளர் பாட்ரிக் வால் இருவரும் 1965 நவம்பரில் சயின்ஸ் இதழில் வலி பற்றிய புதிய கோட்பாட்டை வெளியிட்டனர். அது வாயில் கோட்பாடு என்று பெயர்பெற்றது.

அதுவரை வலி என்பது மணி அடிக்கும் கயிறு போல விளக்கப்பட்டது: காலில் இழுத்தால் மூளையில் ஒலிக்கும். மெல்சாக்கும் வாலும் இடையில் ஒரு கதவு இருக்கிறது என்றனர். தண்டுவடத்தின் பின்கொம்புப் பகுதியில் தொடு உணர்வைக் கொண்டுவரும் தடித்த இழைகளும், வலியைக் கொண்டுவரும் மெல்லிய இழைகளும் சந்திக்கின்றன. தடித்த இழைகள் சுறுசுறுப்பாக இருந்தால் கதவு சாத்திக்கொள்ளும், வலிச் செய்தி மேலே போகாது. மூளையிலிருந்து இறங்கும் கட்டளைகளும் கதவைத் திறக்கவோ மூடவோ செய்யும். முழங்காலில் இடித்துக்கொண்ட குழந்தைக்குத் தாய் தேய்த்துவிட்டால் வலி குறைவதற்கும் இதில் விளக்கம் கிடைத்தது.

இதில் மருத்துவர்களைக் கவர்ந்த செய்தி வேறு. தடித்த இழைகள் மெல்லியவற்றைவிடக் குறைந்த மின்னோட்டத்திலேயே தூண்டப்படும். அப்படியானால் சிறிய மின்னோட்டத்தால் தொடு இழைகளை மட்டும் எழுப்பி, கதவைச் சாத்திவிடலாம். வாலும் அறுவை மருத்துவர் வில்லியம் ஸ்வீட்டும் முதலில் தங்கள் கண்ணுக்குக் கீழுள்ள நரம்பிலேயே ஊசியைச் செலுத்தி மின்சாரம் பாய்ச்சிப் பார்த்தனர். கூச்சம் போன்ற உணர்வு எழுந்தது, ஊசிக்குத்தல் மந்தமாயிற்று. பின்னர் நோயாளிகளிடம் சோதித்து 1967-இல் வெளியிட்டனர்.

முதல் நோயாளி

அமெரிக்க அறுவை மருத்துவர் நார்மன் ஷீலி, தடித்த இழைகள் எல்லாம் ஒன்றுசேர்ந்து ஏறும் இடமான தண்டுவடத்தின் பின்பக்கத்தையே தூண்டினால் என்ன என்று சிந்தித்தார். பூனைகளிடம் சோதித்தார். மின்கருவியை வடிவமைக்கப் பொறியியல் ஆய்வு மாணவர் தாமஸ் மார்ட்டிமர் சேர்ந்துகொண்டார். 1967 மார்ச்சில், நுரையீரல் புற்றுநோய் பரவி நெஞ்சிலும் வயிற்றிலும் கடும் வலியுடன் இருந்த 70 வயது மனிதருக்கு, தண்டுவட உறைக்குள் மின்முனை பொருத்தப்பட்டது. மின்சாரம் பாய்ந்தபோது வலி அடங்கியது. அவர் வெகுவிரைவில் இறந்துபோனார். ஒரேயொரு நோயாளி, மிகக் குறுகிய காலம். ஒரு பெரும் தொழில்துறை இந்த அடித்தளத்தில்தான் எழுந்தது.

கருவி புதிதாகப் பிறந்ததல்ல. 1958-இல் ஸ்வீடனில் முதல் பேஸ்மேக்கர் உடலுக்குள் பொருத்தப்பட்ட பின், டிரான்சிஸ்டரும் சிறு பேட்டரியும் மருத்துவத்துக்குள் வந்துவிட்டன. கழுத்து நரம்பைத் தூண்டி இரத்த அழுத்தத்தையும் நெஞ்சுவலியையும் குறைக்க மெட்ரானிக் நிறுவனம் செய்துவைத்திருந்த கருவியை மார்ட்டிமர் தண்டுவடத்துக்கு ஏற்றவாறு மாற்றியமைத்தார். 1968-இல் அந்நிறுவனம் தண்டுவடத்துக்கென்றே கருவியை வெளியிட்டது. பேட்டரி உடலுக்கு வெளியே இருக்கும். தோலின் மீது ஒட்டிய வளையத்திலிருந்து வானொலி அலையாகச் சென்று, உள்ளிருக்கும் பெறுவியை அது இயக்கும்.

மின்முனை பொருத்துமுன் யாருக்குப் பயன் தரும் என்று பார்ப்பதற்காகத் தோலின் மீது மின்சாரம் வைத்துச் சோதித்தனர். அந்தச் சோதனையே பலருக்குப் போதுமானதாக இருந்தது. இன்று பிசியோதெரபி நிலையங்களில் உள்ள டென்ஸ் கருவி இப்படிப் பிறந்தது.

சென்னையில் மின்முனை

அழிப்பதிலிருந்து தூண்டுவதற்கு நகர்ந்த இந்த மாற்றம் சென்னைக்கும் விரைவில் வந்தது. அதைக் கொண்டுவந்தவர் த. சு. கனகா. 1932 மார்ச் 31 அன்று பிறந்த தஞ்சாவூர் சந்தானகிருஷ்ண கனகா, சென்னை மருத்துவக் கல்லூரியில் 1954-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். 1962 சீனப் போரின்போது இராணுவ மருத்துவப் பணியில் இருந்தார். 1968-இல் நரம்பியல் அறுவை மருத்துவத்தில் உயர் பட்டம் பெற்று, ஆசியாவின் முதல் பெண் நரம்பியல் அறுவை மருத்துவர்களுள் ஒருவரானார். உலகிலேயே அத்தகைய பெண்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில் இருந்த காலம் அது.

பாலசுப்பிரமணியத்துடன் இணைந்து நூற்றுக்கணக்கில் அழிப்பு வகை அறுவைகளைச் செய்த குழுவில் கனகாவும் இருந்தார். கொழும்புத் திட்ட உதவித்தொகையில் ஜப்பான் சென்று, இத்துறையின் முன்னோடி ஹிரோதாரோ நரபயாஷியிடம் ஆழ்மூளைத் தூண்டல் கருவிகளைக் கையாளும் முறையைக் கற்றார். 1975-இல் மூளைக்குள் நீண்டகாலம் இருக்கும் மின்முனைகளைப் பொருத்தினார். இந்தியாவில் அதை முதலில் செய்தவராக அவரே குறிப்பிடப்படுகிறார்.

கனகா செய்தது மூளையில், தண்டுவடத்தில் அன்று. ஆனால் இரண்டும் உடன்பிறந்தவை. 1973-இல் அமெரிக்காவில் ஹோசோபுச்சி முகத்தில் தீராத வலி கொண்டவர்களின் தலாமஸ் பகுதியில் மின்முனை பொருத்தி, ஆழ்மூளைத் தூண்டலையும் வலிக்கே பயன்படுத்தினார். இன்று நடுக்குவாதத்துக்குப் பெயர்பெற்ற ஆழ்மூளைத் தூண்டல், தொடக்க ஆண்டுகளில் பெரிதும் வலியை ஒட்டி வளர்ந்தது. பின்னர் வலிக்கான இடத்தைத் தண்டுவடம் எடுத்துக்கொண்டது. மூளையைத் திறக்க வேண்டியதில்லை என்பது அதன் சாதகம்.

கனகா 1990-இல் அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்று, பெற்றோர் பெயரால் அறக்கட்டளை மருத்துவமனை ஒன்றை நடத்தினார். நூற்றுக்கும் மேற்பட்ட முறை இரத்த தானம் செய்தவர் என்பது சென்னையில் பலருக்கும் தெரிந்த செய்தி. அவரது மின்முனைப் பணி அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. 2018 நவம்பரில் மறைந்தார்.

சரிவும் திருத்தமும்

1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் இக்கருவி அளவுக்குமீறிப் பொருத்தப்பட்டது. யாருக்கு என்ன வலி என்று பிரித்துப் பார்க்கவில்லை. முதுகெலும்பின் ஒரு பகுதியை நீக்கி, உறைக்குள் மின்முனை வைத்ததால் தண்டுவட நீர் கசிந்தது. கம்பிகள் முறிந்தன, இடம் நகர்ந்தன. சில மாதங்களில் பயன் மறைந்தது என்று பலர் திரும்பி வந்தனர். அந்தப் பத்தாண்டின் நடுவில் ஷீலியே தன் கண்டுபிடிப்பிலிருந்து விலகி, உடற்பயிற்சி, மனப்பயிற்சி சார்ந்த வலி சிகிச்சைக்குச் சென்றுவிட்டார். கண்டுபிடித்தவரே கைவிட்ட பிறகும் கருவி பிழைத்தது வியப்புக்குரியது.

அதைப் பிழைக்க வைத்தவை இரண்டு திருத்தங்கள். மின்முனை உறைக்கு வெளியே, எலும்புக்கும் உறைக்கும் இடைப்பட்ட இடத்துக்கு மாறியது. பிரசவத்தின்போது மயக்க மருந்து செலுத்தும் அதே இடம் என்பதால், அறுக்காமல் ஊசி வழியாகவே கம்பியை நுழைக்க முடிந்தது. அதனால் சோதனை ஓட்டம் பிறந்தது: கம்பியை மட்டும் நுழைத்து, வெளியே ஒரு கருவியுடன் இணைத்து, சில நாட்கள் பார்த்துவிட்டு முடிவெடுப்பது. 1980-களில் லித்தியம் பேட்டரியுடன் முழுவதும் உள்ளே பொருத்தும் கருவிகள் பரவின. மறுபடி மின்னேற்றத்தக்கது 2004-இல் அமெரிக்க அனுமதி பெற்றது.

இதற்கிடையில் வாயில் கோட்பாடு முழுதும் சரியில்லை என்பதும் தெரிந்தது. அக்கோட்பாட்டின்படி எல்லா வலியும் அடங்க வேண்டும். ஆனால் தண்டுவடத் தூண்டல் நரம்புவழி வலியை அடக்கும் அளவுக்குச் சாதாரணக் காய வலியை அடக்குவதில்லை. ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவன ஆய்வாளர்கள், பின்கொம்பில் நரம்புகளை அமைதிப்படுத்தும் காபா போன்ற வேதிப்பொருள்கள் மின்தூண்டலால் கூடுதலாகச் சுரப்பதை விலங்குகளிடம் காட்டினர். தவறான வரைபடத்தை நம்பிப் புறப்பட்டு, ஏறக்குறைய சரியான ஊருக்குப் போய்ச் சேர்ந்த கதை இது.

எண்களின் சாட்சியம்

2000-இல் நெதர்லாந்தின் கெம்லர் குழு, வட்டார வலிநோய் உள்ள 54 பேரிடம் நடத்திய ஆய்வு முக்கியமானது. 36 பேர் மின்தூண்டலுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். சோதனை ஓட்டத்தில் பயன் கண்டு நிரந்தரமாகப் பொருத்திக்கொண்டவர்கள் 24 பேர் மட்டுமே. ஆறாவது மாதத்தில் வலி தெளிவாகக் குறைந்திருந்தது. ஐந்தாம் ஆண்டில் பிசியோதெரபி மட்டும் பெற்றவர்களுக்கும் இவர்களுக்கும் இடையே வேறுபாடு மங்கிவிட்டது. ஆயினும் பொருத்திக்கொண்டவர்களில் மிகப் பெரும்பாலோர், மறுபடியும் இதையே செய்துகொள்வோம் என்றனர். இந்தப் பதிலை எப்படிப் புரிந்துகொள்வது என்று இன்றும் கருத்து வேறுபாடு உண்டு.

கனடாவின் ரெஜைனா நகரில் பணியாற்றிய இந்திய வம்சாவளி மருத்துவர் கிருஷ்ண குமார் தலைமையில் 2007-இல் வெளியான ஆய்வு, முதுகு அறுவைக்குப் பின்னும் கால்வலி தொடர்ந்த 100 பேரைப் பற்றியது. வலி பாதியாகவோ அதற்கு மேலோ குறைந்தவர்கள் மின்தூண்டல் பெற்றோரில் 48 விழுக்காடு, வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்றோரில் 9 விழுக்காடு. நொடிக்கு 10,000 துடிப்பு அனுப்பும் புதிய முறை 2015-இல் அமெரிக்க அனுமதி பெற்றது. நீரிழிவு நரம்பு வலிக்கு அதே முறையைச் சோதித்த 2021-ஆம் ஆண்டு ஆய்வில் 216 பேர் பங்கேற்றனர். இலக்கை எட்டியவர்கள் 79 விழுக்காடு, ஒப்பீட்டுக் குழுவில் 5 விழுக்காடு.

எண்கள் வலுவாகத் தோன்றினாலும் இரண்டு குறைகளைச் சொல்ல வேண்டும். இந்த வகை ஆய்வுகளில் பல, கருவி செய்யும் நிறுவனங்களின் பணத்தில் நடந்தவை. அடுத்தது இன்னும் அடிப்படையானது. பழைய முறையில் மின்சாரம் பாயும்போது எறும்பு ஊர்வது போன்ற கூச்சம் தெரியும். எனவே யாருக்கு உண்மைச் சிகிச்சை, யாருக்குப் போலி என்பதை நோயாளியிடம் மறைக்க வழியே இல்லை. நம்பிக்கையால் குறைந்த வலியையும் மின்சாரத்தால் குறைந்த வலியையும் பிரிக்க முடியவில்லை.

கூச்சம் தராத புதிய துடிப்புகள் வந்த பிறகே அந்த ஒப்பீடு சாத்தியமாயிற்று. நார்வேயில் 50 பேரிடம் நடத்தி 2022-இல் வெளியான ஆய்வில், அனைவருக்கும் கருவி பொருத்தப்பட்டது. சில மாதங்கள் அது இயங்கியது, சில மாதங்கள் அவர்களுக்குத் தெரியாமலே அணைக்கப்பட்டிருந்தது. அன்றாடச் செயல் குறைபாட்டு அளவு இயங்கியபோது 10.6 புள்ளியும், அணைந்திருந்தபோது 9.3 புள்ளியும் குறைந்தது. வேறுபாடு கணக்கில் கொள்ளத்தக்கதல்ல. அதில் பயன்படுத்திய துடிப்பு அமைப்பு வழக்கமானதல்ல என்று மறுப்பும் எழுந்தது. மறு ஆண்டு காக்ரேன் மதிப்பாய்வு, இடுப்புவலிக்கு நடந்த 13 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, ஆய்வுக்கு வெளியே இதைப் பயன்படுத்தச் சான்று போதாது என்றது. இது இடுப்புவலியைப் பற்றிய தீர்ப்பு. நீரிழிவு வலிக்கும் வட்டார வலிநோய்க்கும் அதை அப்படியே நீட்டிக்க முடியாது.

தீங்குகளின் கணக்கும் உண்டு. 2018 நவம்பரில் பன்னாட்டுப் புலனாய்வு இதழாளர்கள் பல நாடுகளில் ஒரே நேரத்தில் வெளியிட்ட செய்தித்தொகுப்பு, தண்டுவட மின்தூண்டிகள் பற்றி 2008 முதல் அமெரிக்க அரசிடம் 80,000-க்கும் மேற்பட்ட பாதிப்பு அறிக்கைகள் பதிவானதைக் காட்டியது. அறிக்கை ஒவ்வொன்றும் கருவியின் குற்றத்துக்குச் சான்றாகாது. ஆனால் சீழ்பிடித்தல், கம்பி நகர்தல், எதிர்பாராத மின்னதிர்ச்சி ஆகியவை அரிதல்ல என்பதற்கு அது சாட்சி.

இந்தியாவில்

இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் எல்லா மருத்துவக் கருவிகளும் மருந்துச் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரப்பட்டன. இங்கே பொருத்தப்படும் மின்தூண்டிகள் பெரும்பாலும் இறக்குமதியானவை. கருவியும் அறுவையும் சேர்ந்து பல லட்சம் ரூபாய் ஆவதால், பெருநகர மருத்துவமனைகளுக்கு வெளியே இச்சிகிச்சை இன்னும் பரவவில்லை. ராஜபாளையம் வட்டாரத்து நோயாளி ஒருவருக்குச் செலவு அறுவையோடு முடிவதில்லை. துடிப்பின் அளவைத் திருத்தி அமைக்கவும், கம்பி நகர்ந்ததா என்று பார்க்கவும், சில ஆண்டுகள் கழித்துப் பேட்டரியை மாற்றவும் மீண்டும் மீண்டும் பயணம் செய்ய வேண்டியிருக்கும். எம்ஆர்ஐ எடுப்பதற்கு முன் கருவியின் வகையைச் சொல்ல வேண்டும். பழைய கருவிகள் பலவற்றில் அது எடுக்கவே கூடாது.

நோயாளி உறுதியாகக் கேட்டுப் பெறவேண்டியது சோதனை ஓட்டம். முதுகில் ஊசி வழியே நுழைத்த கம்பியுடன் சில நாட்கள் முதல் ஒரு வாரம் வரை வீட்டில் இருந்து, நடந்து, உட்கார்ந்து, தூங்கி, வலியைக் குறிப்பேட்டில் எழுதி வருவார்கள். பாதிக்குப் பாதி குறைந்தால்தான் கருவியை உள்ளே வைப்பது வழக்கம். குறையவில்லை என்றால் ஒட்டுப்பட்டையைப் பிரித்து, கம்பியை மெல்ல உருவி, துளையின் மீது பஞ்சு வைத்து அனுப்பிவிடுவார்கள்.